கடலுக்குச் செல்லும் நீர் வீணாகுமா?

அங்கத்தினர் கல்விப் பாடம்: கடலோர ஈரநிலங்களை மீட்பதில் மக்கள் முயற்சியும் சட்டத் திருத்தமும்



வாலிகண்டபுரத்தை அடுத்த ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் பொதுப்பேரவைக் கூட்டத்துக்கு அலுவல் முறையில் சென்றிருந்தேன். வரவு செலவுக் கணக்குகள் வாசிக்கப்பட்டு, இலாபப் பங்கீடும் நிறைவேறிய பின், அங்கத்தினர்களின் அறிவு வளர்ச்சிக்காகச் சில வார்த்தைகள் பேசுமாறு தலைவர் பணித்தார். கடலோரச் சதுப்பு நிலங்களைப் பற்றிப் பேசத் தொடங்கினேன். சற்று நேரத்தில், பின்வரிசையில் அமர்ந்திருந்த முதிய விவசாயி ஒருவர் எழுந்து நின்றார்.

"ஐயா, எங்கள் கிணற்றில் தண்ணீர் இல்லை, ஏரிக்கு வரத்து இல்லை. பெய்கிற மழையெல்லாம் ஆற்றோடு ஓடிக் கடலில் வீணாய்க் கலக்கிறது. கடலோரத்துச் சேற்றைப் பற்றி எங்களுக்கு என்ன?" என்று அவர் வினவினார்.

கூட்டத்தில் பலர் தலையசைத்தனர். அன்று நான் அளித்த விடை எனக்கே நிறைவு தரவில்லை. அக்கேள்வி நேர்மையானது, வறட்சியை அனுபவித்தவரின் வாயிலிருந்து வந்தது. அதற்குத் தக்க விடை கூற வேண்டும் என்ற எண்ணத்தாலேயே இம்மாதப் பாடமாக இதனை எழுதலானேன்.

1. இரண்டு ஆறுகளுக்கு இடைப்பட்ட நாடு

நமது பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் இருப்பிடத்தை முதலில் நினைவிற் கொள்வோம். வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம். பச்சைமலைச் சாரலிலும் அதனைச் சூழ்ந்த மேட்டு நிலங்களிலும் பெய்யும் மழை, கல்லாறு, சின்னாறு முதலியவற்றின் வழியாக வெள்ளாற்றை அடைகிறது. தென்பகுதியில் மருதையாறு, மழைநீரைச் சுமந்து சென்று கொள்ளிடத்திற் சேர்க்கிறது.

இவ்விரு ஆறுகளும் கடலை எங்கே அடைகின்றன? வெள்ளாறு பரங்கிப்பேட்டையருகே கடலிற் கலக்கிறது. கொள்ளிடம் அதற்குத் தெற்கே சில கல் தொலைவிற் கலக்கிறது. இவ்விரண்டு முகத்துவாரங்களுக்கும் நடுவே, சிதம்பரத்துக்குக் கிழக்கே, ஒரு காடு இருக்கிறது. அதுவே பிச்சாவரம் அலையாத்திக் காடு. ஆக, எந்த இரண்டு ஆறுகளுக்கு இடையே நாம் வாழ்கின்றோமோ, அதே இரண்டு ஆறுகளுக்கு இடையேதான் அக்காடும் வாழ்கிறது. நாம் தலைமாட்டில், அது கால்மாட்டில். வாலிகண்டபுரத்திலிருந்து அவ்விடம் நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவில் இருப்பினும், நீரின் கணக்கில் நாமும் அவர்களும் ஒரே பேரேட்டில் எழுதப்பட்டவர்களே.

கடல் நமக்கு முற்றிலும் அந்நியமானதும் அன்று. ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் நமது பகுதியின் கிழக்குப் பாகங்கள் கடலடியில் இருந்தன. அரியலூரில் சிமெண்டுக்காக வெட்டப்படும் சுண்ணாம்புக் கல் அக்கடல் விட்டுச் சென்ற சொத்து. சாத்தனூரில் கல்லாய்ச் சமைந்து கிடக்கும் பெருமரம், அக்காலத்தில் கரையிலிருந்து நீரால் அடித்துச் செல்லப்பட்டு வண்டலில் புதைந்த மரமேயாகும்.

2. ஈரநிலம் என்பது யாது?

ஆண்டு முழுவதுமோ, ஆண்டில் ஒரு பகுதியிலோ நீர் தேங்கி நிற்கும் நிலம் ஈரநிலம் எனப்படும். ஏரி, குளம், சதுப்பு, கழிமுகம், உப்பங்கழி ஆகிய யாவும் இதில் அடங்கும். இவற்றுள் கடலின் ஏற்றவற்றம் வந்து போகும் இடங்களைக் கடலோர ஈரநிலங்கள் என்கிறோம்.

அங்கே வளரும் மரங்கள் உப்பைத் தாங்கும் ஆற்றல் பெற்றவை. வெண்கண்டல் மரம் சேற்றுக்கு மேலே எண்ணற்ற குச்சிகளைப் போன்ற மூச்சு வேர்களை நீட்டி நிற்கிறது. சுரபுன்னையோ கிளைகளிலிருந்து முட்டுக்கால் போன்ற வேர்களை இறக்கிச் சேற்றில் ஊன்றிக்கொள்கிறது. அதன் விதை தாய்மரத்திலேயே முளைவிட்டு, நீண்டு, பின்னரே சேற்றில் விழுகிறது. சிதம்பரத்துக்குத் தில்லை என்னும் பெயரைத் தந்த தில்லை மரமும் இக்காட்டைச் சேர்ந்ததே.

இக்காட்டின் பயன் யாது? வேர்களின் இடுக்குகளில் இறாலும் நண்டும் மீனும் குஞ்சாக இருக்கும் பருவத்தில் ஒதுங்கி வளர்கின்றன. பிறகே கடலுக்குச் செல்கின்றன. ஆகவே, சதுப்பு அழிந்தால், கடலில் வலை வீசுபவனுக்கும் இழப்பு. புயற்காற்றின் வேகத்தையும் அலையின் சீற்றத்தையும் இக்காடு ஓரளவு தணிக்கிறது. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபோது, பிச்சாவரம் பகுதியில் காட்டுக்குப் பின்னே இருந்த ஊர்களில் சேதம் குறைவாக இருந்ததென்று பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல்வாழ் உயிரின ஆராய்ச்சியாளர்கள் எழுதினர். ஊர் இருக்கும் மேடும், கடலிலிருந்து உள்ள தூரமும் காரணமாகலாம் என்று வேறு அறிஞர்கள் மறுத்துரைத்தனர். இரு சாராரின் வாதத்தையும் நாம் மதிக்க வேண்டும். 2018-ஆம் ஆண்டு நவம்பரில் வீசிய கஜா புயலில் முத்துப்பேட்டைக் காடே பெரிதும் சிதைந்ததை எண்ணும்போது, காடு இருந்தால் ஒன்றும் நேராது என்று எண்ணியிருத்தல் பேதைமை. ஆயினும், காடு இல்லாத கரையைவிடக் காடு உள்ள கரை மேலானது என்பதில் ஐயமில்லை.

3. காடு கெட்டது எவ்வாறு?

பிச்சாவரம் காட்டின் பெரும்பகுதி கடந்த நூற்றாண்டில் பாழ்பட்டது. இதற்குக் காரணம் யாரென்று கேட்டபோது, நெடுங்காலம் ஒரே விடைதான் கூறப்பட்டு வந்தது: "சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் விறகு வெட்டுகிறார்கள், மாடு மேய்க்கிறார்கள்." எளியவர்மேற் பழி சுமத்துவது எப்போதும் எளிது.

உண்மை வேறு விதமாக இருந்தது. ஆங்கிலேயர் ஆட்சியிலே தொடங்கி, விடுதலைக்குப் பின்னும் 1970-களின் காலம் வரை, காடு கூப்புக் கூப்பாக ஏலம் விடப்பட்டு, ஒவ்வொரு கூப்பிலும் மரங்கள் அடியோடு வெட்டப்பட்டன. வெட்டிய இடத்தில் மீண்டும் காடு தானே முளைத்துவிடும் என்பது அன்றைய கணக்கு. மலைக்காட்டுக்கு அக்கணக்கு ஒருவேளை பொருந்தலாம். சதுப்புக்கு அது பொருந்தவில்லை.

ஏனெனில், நிழலை இழந்த சேற்று நிலத்தில் வெயில் நேராக விழுந்தது. சேற்றிலிருந்த ஈரம் ஆவியாகவே, மண் சுருங்கித் தாழ்ந்தது. நாளடைவில் அந்நிலம் தொட்டியைப் போல் குழிந்தது. ஏற்றத்தின்போது உள்ளே புகுந்த கடல்நீர், வற்றத்தின்போது வெளியேற வழியின்றித் தேங்கியது. தேங்கிய நீர் வெயிலில் வற்ற, உப்பு மட்டும் தங்கியது. அடுத்த ஏற்றத்தில் மேலும் உப்பு. உப்பளத்தில் பாத்தி கட்டி நாம் வேண்டுமென்றே செய்வதை, இங்கே குழிந்த நிலம் தானே செய்தது. கடல்நீரைவிடப் பன்மடங்கு உப்பேறிய அம்மண்ணில், உப்பையே உண்டு வாழும் அலையாத்தியும் முளைக்க மறுத்தது.

வெட்டியதோடு நிற்கவில்லை இழப்பு. நீரோட்டம் நின்றதே மூல நோய். இதனை அங்கத்தினர்கள் நன்கு மனத்திற் கொள்ள வேண்டும்.

4. காடு மீண்டது எவ்வாறு?

1990-களில் சென்னையிலுள்ள எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார், தமிழ்நாடு வனத்துறையுடன் சேர்ந்து இந்நோயின் மூலத்தைக் கண்டறிந்து, அதற்கேற்ற மருந்தையும் கண்டனர். மருந்து மிக எளியது. குழிந்த நிலத்தின் நடுவே ஒரு தலைக்காலை வெட்டி, அதனை இயற்கையான கழியோடு இணைத்தனர். தலைக்காலின் இரு புறமும் சாய்வாகக் கிளைக்கால்களை வெட்டினர். மேலிருந்து பார்த்தால் மீனின் நடுமுள்ளும் பக்க முட்களும் போலத் தோன்றும். நெசவாளர் கண்ணுக்கோ, தறியில் நீளப் பாவும் அதன் குறுக்கே ஊடும் அமைவது நினைவுக்கு வரும். ஊடு செல்லாத பாவு துணி ஆகாது. கிளைக்கால் செல்லாத தலைக்காலும் நிலம் முழுவதையும் நனைக்காது.

கால்கள் வழியே நாள்தோறும் ஏற்றம் உள்ளே வந்தது. வற்றம் வெளியே சென்றது. தேங்கிய உப்பு கழுவுண்டு, மண் பண்பட்டது. அதன் பின்னரே வெண்கண்டல் நாற்றுகளும் சுரபுன்னையும் கால்களின் ஓரங்களில் நடப்பட்டன. அவை வேர்பிடித்தன. சில ஆண்டுகளில், வெறுந்திடலாய்க் கிடந்த இடங்களில் பசுமை படர்ந்தது. இம்முறை பிறகு முத்துப்பேட்டையிலும், ஆந்திரம், ஒரிசா மாநிலங்களின் கடலோரங்களிலும் கையாளப்பட்டு, மூன்று மாநிலங்களிலுமாக ஏறத்தாழ 1,500 ஹெக்டேர் நிலம் மீட்கப்பட்டது.

ஆனால் கால் வெட்டியதோடு காரியம் முடிந்துவிடவில்லை. ஏற்றத்தோடு வரும் வண்டல் கால்களில் படிந்து அவற்றைத் தூர்த்துவிடும். ஆண்டுதோறும் தூர் வாராவிடில், வெட்டிய கூலி அத்தனையும் வீண். தூர் வாரப் போவது யார்? நகரத்திலிருந்து வரும் அறிஞரா? வனத்துறையின் ஒன்றிரண்டு காவலரா? சுற்றியுள்ள ஊர்க்காரர்களே அதனைச் செய்ய முடியும். அவர்களோ, நேற்று வரை காட்டைக் கெடுத்தவர்கள் என்று பழிக்கப்பட்டவர்கள்.

இங்கேதான் கொள்கை திருந்தியது. ஊர்தோறும் அலையாத்திக் காட்டுக்கெனக் கிராம மன்றங்கள் அமைக்கப்பட்டன. எந்த இடத்தை மீட்பது, எப்போது தூர் வாருவது, மாடுகளை எங்கே மேய்ப்பது, விறகுக்கு மாற்று யாது என்பனவற்றை ஊராரும் வனத்துறையாரும் ஒன்றாக அமர்ந்து முடிவு செய்தனர். காட்டைக் காப்பது ஊரின் பொறுப்பு. அதற்கு ஈடாக ஊரின் வாழ்க்கைத் தேவைகளைக் கவனிப்பது மற்றவர் பொறுப்பு என்று உடன்பாடு ஏற்பட்டது. பிச்சாவரத்துக் கழிகளில் இடுப்பளவு நீரில் இறங்கி, கையால் தடவி இறால் பிடித்து வாழும் இருளர் குடும்பங்களும் இம்முயற்சியிற் பங்கு பெற்றன. காட்டின் ஒவ்வொரு கழியையும் அவர்களைப்போல் அறிந்தவர் வேறு எவர்?

2022-ஆம் ஆண்டு, 1,478 ஹெக்டேர் பரப்புள்ள பிச்சாவரம், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ராம்சார் என்பது பாரசீக நாட்டிலுள்ள ஓர் ஊர். 1971-ஆம் ஆண்டு பிப்ரவரி 2-ஆம் நாள் அங்கே ஈரநிலங்களைக் காக்கும் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. 1982-இல் இந்தியா அதிற் சேர்ந்தது.

5. என் கையொப்பமும் ஒரு பிழையும்

இவ்விடத்தில் என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லாமல் மேற்செல்லுதல் முறையாகாது.

சில ஆண்டுகளுக்கு முன், நான் ஆய்வு செய்து வந்த சங்கங்களுள் ஒன்று, தன் பொது நன்மை நிதியிலிருந்து ஊர் ஏரிக்கரையில் மரக்கன்றுகள் நட்டது. நிர்வாகக் குழுவின் தீர்மானம் மினிட்டுப் புத்தகத்தில் முறையாக எழுதப்பட்டிருந்தது. கன்று வாங்கிய ரசீது, குழி வெட்டிய கூலிப் பட்டியல், வண்டி வாடகைச் சீட்டு எல்லாம் சரியாக இருந்தன. ஒரு ரூபாய்கூடப் பிசகவில்லை. "செலவு முறையாக உள்ளது" என்று எழுதிக் கையொப்பமிட்டேன்.

இரண்டாண்டு கழித்து அவ்வழியே சென்றேன். கரையில் ஒரு கன்றும் இல்லை. ஏரியின் வரத்துக்கால் முழுவதும் சீமைக் கருவேல் அடைத்துக் கிடந்தது. மழை பெய்தும் நீர் ஏரிக்குள் வரவில்லை. கன்றுகளுக்கு ஊற்றக் குடத்து நீருக்கும் வழியில்லை. முதலில் வரத்துக்காலைத் திறந்திருக்க வேண்டும், கன்று பிறகு. அன்று ஆய்வுக்குச் சென்ற நான் ஏரிக்கரையில் அரை மணி நேரம் நடந்திருந்தால் இது என் கண்ணிலே பட்டிருக்கும். என் கண் ரசீதிலே இருந்தது. சங்கத்தார் நல்லெண்ணத்தோடு செய்தனர். தவற்றில் பாதி என்னுடையது.

பிச்சாவரத்தைப் பற்றிப் பிறகு படித்தபோது எனக்கு நாணம் உண்டாயிற்று. அங்கே கற்றுக்கொண்ட பாடமும் இதுவே: முதலில் நீரின் வழி, அடுத்துப் பயிர், அதன் பின் கணக்கு. இப்போது நான் ஆய்வுக்குச் செல்லும் இடங்களில், பொது நன்மைச் செலவு ஏதேனும் இருப்பின், புத்தகத்தைத் திறக்குமுன் அவ்விடத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

6. சட்டம் திருந்திய கதை

மக்கள் முயற்சி ஒரு சக்கரம் என்றால், சட்டம் மற்றொரு சக்கரம். ஒற்றைச் சக்கரத்தில் வண்டி ஓடாது.

1991-ஆம் ஆண்டு பிப்ரவரியில் மத்திய அரசாங்கம் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையை வெளியிட்டது. அலையாத்திக் காடு போன்ற நுண்மையான இடங்கள் முதல் வகையில் வைக்கப்பட்டு, அங்கே கட்டுமானங்கள் தடை செய்யப்பட்டன. ஆயினும், ஏட்டிலிருந்த சட்டம் கடற்கரைக்கு வந்து சேரவில்லை. அதே ஆண்டுகளில் நாகப்பட்டினம் கடலோரத்தில் இறால் பண்ணைகள் பெருகின. வயல்களும் பொது நிலங்களும் உவர்நீர்க் குட்டைகளாயின. அடுத்திருந்த வயல்களிலும் கிணறுகளிலும் உப்பேறியது. நிலமற்ற தொழிலாளரின் கூலி வேலை பறிபோயிற்று.

பூதான இயக்கத்தில் வினோபாவுடன் பணியாற்றிய சர்வோதயத் தொண்டர் எஸ். ஜெகந்நாதன், தம் துணைவியார் கிருஷ்ணம்மாளுடன் இப்பகுதி மக்களைத் திரட்டி அறப்போர் நடத்தினார். 1994-இல் உச்ச நீதிமன்றத்தையும் அணுகினார். நாட்டின் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம் கடலோரத்தை ஆராய்ந்து, பண்ணைகள் விளைவிக்கும் சேதம் அவற்றின் வருவாயைவிட மிகுதி என்று நீதிமன்றத்தில் அறிக்கை அளித்தது. 1996-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ஆம் நாள் தீர்ப்பு வந்தது. மரபு முறைப் பண்ணைகள் நீங்கலாக, ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இறால் குட்டைகள் கூடா. விளைநிலம், அலையாத்தி, ஈரநிலம், ஊர்ப் பொது நிலம் ஆகியவற்றைக் குட்டையாக மாற்றலாகாது. கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது. பண்ணைத் தொழிலை ஒழுங்கு செய்ய 2005-இல் பாராளுமன்றம் தனிச் சட்டம் இயற்றியது. அது 2023-இல் திருத்தப்பட்டது.

திருத்தம் எப்போதும் ஒரே திசையிற் செல்வதில்லை என்பதையும் அறிக. 2019-ஆம் ஆண்டின் கடலோர அறிவிக்கை, 1,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட அலையாத்திக் காட்டைச் சுற்றி 50 மீட்டர் இடைவெளி வேண்டும் என்ற விதியைக் கொண்டிருப்பினும், மக்கள் நெருக்கமுள்ள கடலோர ஊர்ப்புறங்களில் கட்டடம் கூடாத பகுதியின் அகலத்தை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகக் குறைத்தது. ஆதலால், சட்டம் வந்துவிட்டது என்று உறங்குவோர், விழிக்கும்போது வேறு சட்டத்தைக் காண நேரும்.

ஈரநிலங்களுக்கென 2010-இல் வகுக்கப்பட்ட விதிகளுக்குப் பதிலாக 2017-இல் புதிய விதிகள் வந்தன. பொறுப்பு மாநில ஈரநில ஆணையங்களுக்கு அளிக்கப்பட்டது. அதே ஆண்டில் உச்ச நீதிமன்றம், தேசியக் கணக்கெடுப்பில் கண்ட 2,01,503 ஈரநிலங்களைக் காக்குமாறு ஆணையிட்டது. நமது மாநில அரசாங்கம், ஐந்தாண்டுகளில் 100 ஈரநிலங்களைக் கண்டறிந்து மீட்பதற்கென ஈரநில இயக்கத்தைத் தொடங்கியது. 2025-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் தமிழ்நாட்டின் ராம்சார் இடங்கள் 20 ஆக உயர்ந்து, நாட்டிலேயே மிகுதியாயின.

விவசாயிகள் ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். 2017-ஆம் ஆண்டு விதிகள் ஈரநிலம் என்பதற்குக் கூறும் இலக்கணத்தில், நெல்வயலும், ஆற்றுப் படுகையும், பாசனத்துக்கென்றே மனிதர் அமைத்த நீர்நிலையும் விலக்கப்பட்டுள்ளன. நமது ஊர் ஏரிகள் பெரும்பாலும் இவ்விலக்கில் அடங்கிவிடும். அவற்றை இவ்விதி காக்கும் என்று நம்பியிருப்பதற்கில்லை. ஆயக்கட்டுக்காரர்களாகிய நாமே காக்க வேண்டும்.

7. சிலிகா ஏரியும் சங்கங்களும்

ஒரிசாவிலுள்ள சிலிகா உப்பங்கழியின் வரலாறு, கூட்டுறவாளர் அனைவரும் படிக்கத் தக்கது. அங்கே நேர்ந்தது பிச்சாவரத்துக்கு நேர் எதிர். கடலோடு இணைக்கும் வாய் வண்டலால் தூர்ந்து விலகிப் போகவே, உள்ளே உப்புக் குறைந்தது, களை மண்டியது, மீன் அருகியது. 1993-இல் அழியும் நிலையிலுள்ள ஈரநிலங்களின் பட்டியலில் அது சேர்க்கப்பட்டது. 2000-ஆம் ஆண்டு செப்டம்பரில் கடலுக்குப் புதிய வாய் வெட்டப்பட்டது. அதற்கு முன் ஆண்டுக்குச் சுமார் 1,700 டன்னாக இருந்த மீன் வரத்து, ஓரிரு ஆண்டுகளில் 11,000 டன்னைக் கடந்தது. 2002-இல் அபாயப் பட்டியலிலிருந்து சிலிகா நீக்கப்பட்டது. ஓரிடத்தில் உப்பு மிகுந்து கேடு. மற்றோரிடத்தில் உப்புக் குறைந்து கேடு. இரண்டிற்கும் காரணம் நீரின் வழி அடைபட்டதே.

ஆயினும் சிலிகாவில் மீன் பெருகியதோடு நியாயம் பெருகிவிடவில்லை. அங்கே மீனவர் கூட்டுறவுச் சங்கங்களே நெடுங்காலம் மீன்பிடித் துறைகளைக் குத்தகை பெற்று வந்தன. இறாலுக்கு விலை ஏறியபோது, கடனில் அமிழ்ந்த சங்கங்கள் சில, தம் பெயரில் பெற்ற குத்தகையைப் பணம் படைத்த வெளியாருக்கு உள்குத்தகை விட்டன. பெயர்ப்பலகை சங்கத்தினுடையது, ஆதாயம் பிறருடையது. வலையால் வேலியிட்டு நீர்ப்பரப்பை அடைத்தவர்களுக்கும் மரபு மீனவர்களுக்கும் இடையே பூசல் முற்றி, 1999-இல் உயிரிழப்பிலும் முடிந்தது. சங்கத்தின் உரிமையைச் சங்கமே அனுபவிக்காவிடில், அங்கத்தினர் தம் நீரிலேயே கூலிக்காரராக நிற்க நேரும். நெசவாளர் சங்கத்தின் பெயரில் நூல் பெற்றுத் தனியாருக்கு விற்றால் என்ன நேரும் என்பதை நம்மவர் அறிவர். மீனுக்கும் நூலுக்கும் விதி ஒன்றே.

8. முதியவரின் கேள்விக்கு விடை

இனி, பொதுப்பேரவையில் எழுந்த கேள்விக்குத் திரும்புவோம். கடலுக்குச் செல்லும் நீர் வீணா?

முழுவதும் அன்று. மழைக்காலத்தில் வெள்ளாறும் கொள்ளிடமும் கொண்டுசெல்லும் நன்னீர், சதுப்பின் உப்பைத் தணித்து, வண்டலைச் சேர்த்து, இறால் குஞ்சையும் மரக் கன்றையும் வளர்க்கிறது. மேலே நீர் மிகத் தேக்கப்பட்டு, கீழே வரத்துக் குறைந்ததால், பிச்சாவரத்தில் நன்னீரை விரும்பும் சில வகை மரங்கள் அருகிவிட்டன என்பது ஆராய்ச்சியாளர் கண்ட உண்மை. நமக்கு நீர் வேண்டும், அதுவும் மெய்யே. ஆனால், நமது ஏரி நிரம்பாமைக்குக் காரணம் பிச்சாவரம் நீரைக் குடித்துவிட்டது அன்று. நமது வரத்துக்கால் அடைபட்டது, கலிங்கு சிதைந்தது, கரை ஆக்கிரமிக்கப்பட்டது. பெய்யும்போது தேக்கத் தவறி, பெருவெள்ளமாய் ஒரே நாளில் ஓடவிட்டு, பிறகு கடலைப் பழிக்கிறோம். ஏரிகள் நிரம்பி, நிலத்தடியில் ஊறி, மெல்லக் கசியும் நீரே ஆற்றை நெடுநாள் ஓட வைக்கும். அது நமக்கும் நலம், கழிமுகத்துக்கும் நலம்.

இதற்குச் சான்று நம் மாவட்டத்திலேயே உண்டு. அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரி, புள்ளம்பாடி வாய்க்காலின் வழியே காவிரி நீரைப் பெற்று வயல்களுக்குப் பாய்கிறது. அதே ஏரி ஆயிரக்கணக்கான வலசைப் பறவைகளுக்குப் புகலிடமாகவும் இருக்கிறது. சுமார் 454 ஹெக்டேர் பரப்புள்ள அவ்வேரி 2024-ஆம் ஆண்டு ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. பாசனமும் பறவையும் ஒரே நீரில் வாழ இயலும் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

ஆகவே, நமது சங்கங்கள் செய்யத் தக்கன சில கூறுவேன்.

முதலாவது, குடிமராமத்து. நமது முன்னோர் ஆண்டுதோறும் கூடிச் செய்து வந்த இம்முறையை 1858-ஆம் ஆண்டுச் சட்டமும் ஏற்றுக்கொண்டது. 2017-இல் அரசாங்கம் அதனை ஆயக்கட்டு விவசாயிகளின் பங்குடன் மீண்டும் தொடங்கிற்று. அரசாங்கத் திட்டம் வரும் ஆண்டிலும் வராத ஆண்டிலும், ஆடிக்குள் வரத்துக்காலைத் திறந்து வைப்பதென்று சங்கம் தீர்மானம் நிறைவேற்றலாம். ஊர் கூடினால்தான் தேர் நகரும்.

இரண்டாவது, மருந்தும் உரமும். வயலில் மிகுதியாய் இட்டது மழையோடு ஓடைக்கும், ஓடையிலிருந்து ஆற்றுக்கும் செல்லும். மண்ணைப் பரிசோதித்து அளவோடு இடுவது கைப்பணத்துக்கும் காப்பு, கீழேயுள்ளோர்க்கும் காப்பு.

மூன்றாவது, நெசவாளருக்கு உரியது. திருப்பூரின் சாயக் கழிவு நொய்யலாற்றைக் கெடுத்ததையும், 1992-இல் பாசனத்துக்கெனக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை கழிவுத் தொட்டியானதையும் மறவாதீர்கள். கீழ்ப்பகுதி விவசாயிகள் வழக்காடினர். 2011-ஆம் ஆண்டு ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அங்குள்ள சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் முறைக்கு மாறிய பட்டறைகளே பின்னர்த் திறக்க இயன்றது. ஆணை வந்த நாளில் வேலை இழந்தவர்கள் தொழிலாளரே. நமது பகுதி நெசவாளர் சங்கங்கள் சாய நூல் வாங்கும்போது, அது எப்பட்டறையில் நனைந்தது, அப்பட்டறையின் கழிவு எங்கே செல்கிறது என்று ஒரு கேள்வி கேட்டு வாங்குதல் நன்று.

நான்காவது, கண்ணால் காண்பது. அங்கத்தினர் கல்விச் சுற்றுலாவுக்கு நிதி உள்ள சங்கங்கள், ஓர் ஆண்டேனும் பிச்சாவரத்துக்குச் சென்று வருக. படகில் சுற்றிக் காட்டைப் பார்ப்பதோடு நில்லாமல், கால் வெட்டிய இடத்தையும், தூர் வாரிய ஊராரையும் கண்டு பேசி வருக. நமது ஓடையில் ஓடிய நீரை அங்கே அவர்கள் கையில் அள்ளிக் காட்டுவார்கள்.

அம்முதியவரை அண்மையில் மீண்டும் சந்தித்தேன். இவ்விடையை அவரிடம் கூறினேன். சற்று நேரம் யோசித்து, "அப்படியானால் முதலில் எங்கள் வரத்துக்காலை வெட்டுவோம், மிச்சம் போகிறது அவர்களுக்குப் போகட்டும்" என்றார். பாடத்தின் சாரத்தை அவரே ஒரே வாக்கியத்தில் கூறிவிட்டார். அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இப்பொருளைச் சேர்ப்பதாகக் காரியதரிசி ஒப்புக்கொண்டிருக்கிறார். நானும் வரத்துக்காலைப் பார்த்த பிறகே மினிட்டுப் புத்தகத்தைப் பார்ப்பதாக வாக்களித்திருக்கிறேன்.

சங்கக் கூட்டங்களில் விவாதிக்க வேண்டிய வினாக்கள்

1. கூப்புக் கூப்பாக மரம் வெட்டியதால் பிச்சாவரத்து மண்ணில் உப்பு மிகுந்தது எவ்வாறு?

2. நாற்று நடுவதற்கு முன் கால் வெட்ட வேண்டியது ஏன்? இவ்வுண்மையை உங்கள் ஊர் ஏரிக்குப் பொருத்திக் காட்டுக.

3. 1996-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் கடலோர விவசாயிகள் அடைந்த பாதுகாப்பு யாது?

4. சங்கத்தின் பெயரில் பெற்ற உரிமையை உள்குத்தகை விடுவதால் விளையும் தீமைகள் யாவை? சிலிகாவைக் கொண்டு விளக்குக.

5. உங்கள் ஊரின் வரத்துக்கால் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? அதன் வழியே கடைசியாக நடந்து பார்த்தவர் யார்? எப்போது?